எமில்டாவின் இடது கால்

ஒட்டுசுட்டானைத் தாண்டிக் காட்டுப் பாதைக்குள் இறங்கியதும் எமில்டாவின் இடது முழங்காலுக்குக் கீழே வலி தலைகாட்டியது. ஐம்பது கிலோமீற்றர் ஓட்டத்தில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. கால் நோகாத எவரும் அந்தப் பாதையில் இருந்திருக்க முடியாது. ஆனால் அவளுடைய காலுக்குள் ஒரு தகடும் ஆணிகளும் இருந்தன.

எமில்டா முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. நண்டு வாங்கி அனுப்பும் நிலையம் ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை. பள்ளிக்கூட நாளில் ஓடியவள், கல்யாணத்தோடு விட்டிருந்தாள். புருஷன் வின்சன் கடலுக்குப் போய்விட்ட விடியற்காலைகளில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கரையோரமாக மறுபடி ஓடத் தொடங்கினாள். ஊர் முதலில் சிரித்தது. பிறகு, எமில்டா ஓடிப் போகிறாள் என்றால் அடுப்பு மூட்டும் நேரமாகிவிட்டது என்று பழகிக்கொண்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்தபோதும் அதே காலில் நோவு வந்தது. எண்ணெய் தடவிக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் ஓடினாள். ஓட்டத்தன்று முடிவிடத்துக் கொடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டது. அதன்பின் சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், கைவிட்டுப் போன வேலை. வின்சன் மாதக்கணக்காகத் தொழிலைக் குறைத்துக்கொண்டு குசினியில் நின்று சமைத்தான். அவளைத் தாங்கிப் பிடித்துக் குளிக்க வார்த்தான். அவள் கிழமைக்கணக்காக வலியை மறைத்தது வைத்தியர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியவந்தது.

"முறிஞ்சதுக்கு நான் கோவிக்கேல்லை," என்றான். "பக்கத்தில படுத்துக் கிடந்தவனுக்கு நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கேலாமக் கிடக்கு."

வேலை திரும்பக் கிடைத்து, கால் தேறி, இந்த வருஷம் அவள் மறுபடி பெயர் கொடுத்தபோது அவன் தடுக்கவில்லை. நொந்தால் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டான். ஓமென்றாள்.

எலும்பு நோவா தசை நோவா என்று அறிய கால் தேற ஆஸ்பத்திரியில் பயிற்சி தந்த மிஸ் ஒரு வழி காட்டியிருந்தா. அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்க வேண்டும். நோவு பரந்து தெரிந்தால் தசை. விரல் நுனியால் இதுதான் இடமென்று தொட்டுக் காட்ட முடிந்தால் எலும்பு. பாதையில் நின்று குதித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். எமில்டா நிற்கவில்லை. நின்றால் பதில் தெரிந்துவிடும்.

காடு முடிந்து குளக்கட்டில் ஏறியபோது, முன்னால் போன யதுர்ஷன் அசையாமல் நின்றான். வவுனியாவில் வங்கி வேலை செய்கிற அவன், காலையிலிருந்து அவளோடு முன்னும் பின்னுமாக ஓடி வந்தவன்.

"அக்கா, வராதேங்கோ," என்றான் தணிந்த குரலில்.

கட்டின் நடுவே ஒரு தனியன் யானை நின்றது. தும்பிக்கையால் மண்ணை அள்ளி முதுகில் எறிந்துகொண்டிருந்தது. கட்டு முடிகிற இடத்தில்தான் அடுத்த தரிப்பிடம். இரண்டு மணிக்கு அதை மூடிவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேராதவருக்கு ஓட்டம் அதோடு சரி.

"கீழால பத்தைக்குள்ள இறங்கிச் சுத்திப் போவம்," என்றாள் எமில்டா.

"விசரோ அக்கா? உள்ளுக்கு இன்னும் எத்தினை நிக்குதோ."

"நேரம் போகுது தம்பி."

அவன் அவளுடைய கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். யானை தலையை உயர்த்தியது. காதுகள் விரிந்தன. மண் அள்ளுவதை நிறுத்திவிட்டு அவர்கள் பக்கம் திரும்பி, கடகடவென்று ஓடி வந்தது.

இருவரும் வந்த வழியே ஓடினார்கள். அவ்வளவு வேகமாக எமில்டா பள்ளிக்கூட மைதானத்திலும் ஓடியதில்லை. ஒவ்வொரு அடிக்கும் இடது கால் உள்ளே கத்தியது. மாதாவே, இப்ப முறியக்கூடாது, இப்ப முறியக்கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள். வயல் பக்கமிருந்து யாரோ யானை வெடி கொளுத்திப் போட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது யானை கட்டிலிருந்து சரிந்து குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அது தண்ணீரில் தூரப் போகும்வரை காத்து நின்றார்கள். கால் ஆறிப்போய் விறைத்தது. பிறகு கட்டு முழுவதையும் மூச்சு விடாமல் ஓடிக் கடந்தார்கள். தரிப்பிடம் மூடச் சில நிமிஷங்களே இருந்தன. யதுர்ஷன் ஒரு கோப்பை தேசிக்காய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, "வாறியளோ அக்கா?" என்றான்.

"நீங்கள் போங்கோ. நான் வாறன்."

அவளைப் பார்க்கவென்று தரிப்பிடத்துக்கு வந்து காத்திருந்த வின்சன், மோட்டார் சைக்கிளை மரத்தடியில் விட்டுவிட்டுக் கிட்ட வந்தான். வெடிச்சத்தம் அவனுக்கும் கேட்டிருந்தது. முகம் கறுத்திருந்தது. யானையைப் பற்றி அவன் கேட்கவில்லை.

"கால் என்ன மாதிரி?"

நல்லாக் கிடக்கு என்று சொல்ல வாய் எடுத்தாள். மிச்சம் பன்னிரண்டு கிலோமீற்றர். எல்லாம் வண்டில் பாதை, ஏற்ற இறக்கமில்லை. கதையைக் குறைத்துக்கொண்டு புறப்பட்டால் பொழுதுபட முன் முடித்துவிடலாம்.

"நோகுது," என்றாள். "காட்டுக்குள்ளயே துவங்கிட்டுது."

"குதிச்சுப் பாத்தனியோ?"

"இல்லை. பயத்தில பாக்கேல்லை."

அவன் அவள் முன்னால் வந்து தோளைக் காட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு வலக்காலைத் தூக்கினாள். முதல் குதிப்பில் ஒன்றும் தெரியவில்லை. வின்சன் மூச்சு விட்டான். இரண்டாவதில் பல்லைக் கடித்தாள். மூன்றாவது குதித்து நின்றதும், கேட்காமலே குனிந்து, தகடு முடிகிற இடத்தில் ஒரு விரலை வைத்தாள்.

"இதில," என்றாள்.

நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தைத் தானே கழற்றி ஏற்பாட்டாளரிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அழுகை வந்தது. வின்சன் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, பள்ளங்களுக்கு விலத்தி விலத்தி, நடை வேகத்தில் ஓட்டினான். பாதையில் யதுர்ஷனைக் கடந்தபோது அவன் இவளைப் பார்த்துத் திகைத்தான். ஓடுங்கோ, ஓடுங்கோ என்று கையால் காட்டினாள்.

அடுத்த நாள் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த வைத்தியர், கடைசி ஆணிக்குக் கீழே எலும்பு களைத்து நலியத் தொடங்கியிருக்கிறது, இன்னும் முறியவில்லை என்றார். ஆறு கிழமை ஓடக்கூடாது, நடக்கலாம். எமில்டா அந்தக் கிழமையே வேலைக்குப் போனாள். கதிரை போட்டு இருந்துகொண்டு நண்டு பிரித்தாள்.