புழுதி எழாத காலை

எல்வின் பெட்ஷலின் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அன்றைய பொழுது போச்சு. தபால் வண்டி ஓட்டுகிற நான் வாரத்தில் பாதி நாள் மாட்டிக்கொள்வேன். நாற்சந்தி வந்ததும் மனிதர் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்து, கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்பார். சுற்றிலும் கோதுமை வயல். ஓர் ஆடுகூடக் குறுக்கே வராது. எனக்குப் பொறுமை என்பதே கிடையாது, ஊருக்கே தெரியும். ஆனாலும் அவருக்குப் பின்னால் நின்று ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை.

ஆஸ்திரேலியாவில் எங்கள் விம்மெராப் பக்கம் முக்கால்வாசி சரளைச் சாலைதான். வண்டி கண்ணில் படுமுன்பே அதன் புழுதி மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கும். அதனால் சந்தியில் நட்டிருக்கும் ‘வழிவிடு’ பலகையை இங்கே யாரும் சட்டை செய்வதில்லை. புழுதி தெரிந்தால் நிற்போம், தெரியாவிட்டால் மிதிப்போம். வண்டி பழகுகிற பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவதே அதைத்தான்.

எல்வினின் மனைவி கோரல் மெல்பர்னில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒவ்வொரு பலகையிலும் வண்டியை நிறுத்துவாள். தலையைத் திருப்பிப் பார்த்து, “வலது பக்கம் இல்ல. இடது பக்கம் இல்ல. போலாமா?” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள்.

“யாருகிட்ட உத்தரவு கேக்குற? அந்த ஆட்டுக்கிட்டயா?” என்பார் எல்வின். “புழுதி இல்லல்ல? மிதி!”

பப்பில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அவள் கழுத்தைத் திருப்புவதை அப்படியே நடித்துக் காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். ஆனால் முகம் சிவந்துபோகும். கொஞ்ச நாளில் நிறுத்துவதை விட்டுவிட்டாள். ‘இப்பதான் நம்ம ஊர்க்காரி ஆயிட்டா’ என்று பாராட்டினோம்.

அப்புறம் ஒரு ஆகஸ்ட் மாதம். இரவெல்லாம் மழை. காலையில் கால்பந்துக் கிளப்புக்குக் கேக் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள் கோரல். சந்தியில் புழுதி இல்லை. மிதித்தாள். மழை பெய்த சரளையில் புழுதி எப்படி எழும்? குறுக்குச் சாலையில் நோலன் கின்னேன் வந்துகொண்டிருந்தான். ஆட்டுரோமம் கத்தரிக்கிறவன். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நூறு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத இடத்தில் நூற்று முப்பதில் வந்தான். ஒரு கையில் இறைச்சி ரோல். சாஸ் சட்டையில் சொட்டியதைத் துடைக்கக் குனிந்தான். அவன் நிமிர்ந்தபோது கோரல் நடுச்சந்தியில் இருந்தாள்.

கோரலின் சாவுக்காக நீதிமன்றம் நோலனின் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்தது. கோரல் நிற்காமல் வந்ததும் விபத்துக்கு ஒரு காரணம் என்று சொன்னது. அன்று மாலை எல்வின் பப்புக்கு வந்து மேசையைக் குத்தினார்.

“அவ மேல தப்பா? அவன் பறந்து வந்தான்! அவ எப்பவும் பாத்துத்தான் போவா!”

அவள் கழுத்தைத் திருப்புவதை அவர் நடித்துக் காட்டிய நாற்காலி அங்கேயேதான் கிடந்தது. எல்வின் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பப்புக்கு வரவில்லை.

எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது எங்கள் வழக்கம். வேலித் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள்கூடத் தூக்குவார்கள். எல்வின் முதலில் நோலனுக்குத் தூக்குவதை நிறுத்தினார், பிறகு யாருக்குமே தூக்கவில்லை. டின் சூப்பைச் சூடாக்கி, அடுப்படியில் நின்றபடியே குடித்து முடிப்பார். தபால் கொடுக்கப் போனால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். அதற்குமேல் பேச எதுவும் இருக்காது, ஆனாலும் நான் கிளம்பிவிடாதபடி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு அழுகையும் வரும், எரிச்சலும் வரும்.

நோலனுக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. இப்போது அறுபதைத் தாண்டமாட்டான். அவனோடு வண்டியில் போக யாருக்கும் பொறுமை இல்லை, தனியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறான்.

போன மாதம், மழை விட்ட ஒரு காலையில், அதே சந்தியில் எல்வினுக்குப் பின்னால் போய் நின்றேன். வலது பக்கம் நோலனின் வண்டி. பலகை எல்வினுக்குத்தான், நோலன் தாராளமாகப் போகலாம். ஆனால் அவனும் நிறுத்திவிட்டான்.

“போங்க எல்வின். நான் நிக்கிறேன்,” என்று கத்தினான்.

“உனக்குத்தான் வழி. நீ போ.”

“நான் போக மாட்டேன்.”

நான் இறங்கிப் போனேன். “யாராவது ஒருத்தர் போங்கய்யா! என் வண்டியில தபாலெல்லாம் முளைச்சிடும் போல!”

எல்வின் இறங்கினார். நோலனின் கதவருகே போய் நின்றார். நோலன் எஞ்சினை அணைத்தான்.

“கோரல் எப்பவும் நிப்பா,” என்றார் எல்வின். “நான்தான் நிக்க விடல. புழுதி இல்லன்னா மிதின்னு நச்சரிச்சவன் நான். ஊரே சிரிக்கிற மாதிரி நடிச்சுக் காட்டினவனும் நான்தான். கோர்ட்டுல இத யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

“வேகமா வந்தவன் நான். குனிஞ்சவனும் நான். அது குறையாது.”

“குறையாது. குறைக்கணும்னு வரல.”

நோலன் குரல் உடைந்து கத்தினான். “ஆறு வருஷம், எல்வின்! முழுசும் என்னோடதுன்னு தூங்காம கிடந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க!”

“சொன்னா, அவ என்னாலயும்தான் செத்தான்னு ஆயிடும். அப்புறம் அந்த வீட்டுல நான் எப்படி இருக்குறது?”

நோலன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் மன்னித்தானா, கோபமாகவே இருந்தானா, எனக்குத் தெரியாது. வண்டியை மெதுவாக எடுத்தான். சந்தியைத் தாண்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் எழுந்தது. நடுரோட்டில் நின்றபடி எல்வினும் ஒரு விரலைத் தூக்கினார்.

பிறகு வந்து வண்டியில் ஏறினார். நான் அவர் கண்ணாடிப் பக்கம் நின்றிருந்ததைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தலையைத் திருப்பினார்.

“வலது பக்கம் இல்ல. இடது பக்கம் இல்ல.”

பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைப் பார்த்து, “போலாமா?” என்று கேட்டார். பதில் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தார்.