ஜெர்மனியில் நீந்த ஓர் ஏரி

இன்று காலை எழுந்ததும் காபிகூடப் போடாமல் போனைத்தான் எடுத்தேன்.

அடுத்த மாதம் கம்பெனி என்னைப் பயிற்சிக்கு அனுப்பும் ஜெர்மன் ஊரில், வெளியில் நீந்த இடம் உண்டா என்று அந்த ஊர்க்காரர்களின் பேஸ்புக் நீச்சல் குழுவில் கேட்டிருந்தேன். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் கிணற்றுக்காரரைக் கேட்காமல் யாரும் இறங்க மாட்டோம்.

ஒரு பெண்மணி பதில் போட்டிருந்தார். "காட்டுக்குள் ஓர் ஏரி இருக்கிறது. யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் நாலு எட்டு வைத்தாலே ஆழம். பழக்கம் உண்டா?"

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் செல்வியிடம் காட்டினேன்.

"இன்னாக்கா, டிரெய்னிங் போறியா, குளிக்கப் போறியா? நைட்டியோட குதிச்சே, போலீஸ் தூக்கிகினு போயிடும்!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒரகடம் வருவதற்குள் பதில் எழுதிவிட்டேன்: "நான் நீச்சல் கற்றது விவசாயக் கிணற்றில். நீந்தும்போது என் கால் தரையைத் தொட்டதே இல்லை."

மதியம் சாப்பிடும்போது அவர் எழுதியிருந்தார்: "அப்படியானால் நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்."

நாற்பத்து நாலு வயதில், கேன்டீனில், சாம்பார் சாதத்தின் முன்னால் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அங்கே முதல் சனிக்கிழமை எங்கள் டீம் முழுக்க ஷாப்பிங் போகிறது. நான் போகப் போவதில்லை. அந்த ஏரியில் அக்கரை வரை நீந்தப் போகிறேன்.

இதை இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் பேஸ்புக் பக்கம் வருவதில்லை. அவரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் மட்டும் பேசவும்.