கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். எட்டு வீட்டுப் பொலிஸ் படிவங்களையும் நிரப்பியவள் நான்.

போரின் கடைசி வருடங்கள் அவை. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கைக்கு அந்தப் படிவம் அடிக்கடி வரும். வீட்டில் யார் யார், அடையாள அட்டை இலக்கம் என்ன, சொந்த ஊர் எது, எப்போது வந்தீர்கள். கடைசியில் ஒரு கட்டம்: கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்.

படிவம் சிங்களத்தில் இருக்கும். கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நெடுங்காலமாக வேலை செய்துவந்தவள் என்பதால் எனக்குச் சிங்களம் எழுத வரும், அதுவும் வட்டம் வட்டமாக, அழகாக. அதனால் மற்ற வீட்டுக்காரர் படிவத்தையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். காரணத்தையும் நானே தெரிவுசெய்வேன். மூன்றாம் மாடி அக்காவுக்கு 'வெளிநாட்டுப் பயணம்'. எதிர்வீட்டு ஐயாவுக்கு 'வைத்தியம்'. திருப்பிக் கேள்வி வராத காரணம்தான் நல்ல காரணம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். என் வீட்டுக்கு எழுதுவது 'மகளின் படிப்பு'. அந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைக்கவில்லை.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணினி படித்துக்கொண்டிருந்தாள். ஹோலில் இருந்த கணினிக்கு முன்னால் குந்தினால் எழும்பமாட்டாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால் "படிக்கிறன்" என்பாள்.

ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு நேரம் போய்விட்டதென்று கணினியை மூடாமல் ஓடிவிட்டாள். தூசு தட்டப்போன நான் மவுஸைத் தொட்டதும் திரை வெளிச்சமாகியது. படித்திருக்கக் கூடாது. படித்தேன்.

உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கும் ஒரு இணையத்தளம் அது. அங்கே ஒருவருக்கும் சொந்தப் பெயர் இல்லை. ஒருவர் கழுகுப் படம், இன்னொருவர் ரயில் என்ஜின் படம். என் மகள் நண்டு. சண்டை, இனி வரப்போகும் ஒரு பணத்தைப் பற்றியது. தாளும் சில்லறையும் போய், கணினிக்குள்ளேயே இருந்து, கணினிக்குள்ளேயே கைமாறும் பணம். அதில் பெயர் இருக்க வேண்டுமா, இருக்கக் கூடாதா என்பதுதான் கேள்வி. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை அரசாங்கம் பார்க்கட்டும், ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம் என்று கழுகுக்காரர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

நண்டு பதில் எழுதியிருந்தாள். அதில் நான் இருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் அவளுடைய வகுப்புக் காசை ஒரு கடித உறையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். செக்பொயின்ற்றில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தபின் மற்றவர்களை ஏறச் சொல்லிவிட்டு என்னை மட்டும் நிற்கவைத்தார்கள். கைப்பையைத் திறந்து, இவ்வளவு காசு யாருடையது, எங்கே போகிறது என்று ஒரு பெண் பொலிஸ் கேட்டாள். நிறுவனத்தின் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். பத்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, கடிதத்தை எடுக்கும்போது கை நடுங்கியதை மகளுக்கு மட்டும் சொன்னேன். அது அப்படியே அங்கே கிடந்தது. 'என் அம்மாவின் கை நடுங்கியது.'

கழுகுக்காரர் விடவில்லை. பணத்திலேயே பெயரும் போகும் வழியும் பதிந்திருந்தால் உன் அம்மா நடுங்கியிருக்கத் தேவையில்லையே, இயந்திரமே பதில் சொல்லியிருக்குமே என்று கேட்டிருந்தார். கெட்டிக்காரக் கேள்வி. எனக்கே ஒரு கணம் சரியாகத்தான் பட்டது. நண்டு எழுதியிருந்தாள்: 'அம்மாவை நிறுத்தியது காசுக்காக அல்ல, பெயருக்காக. காசிலும் பெயரை எழுதிவிட்டால் இரண்டு தடவை நிறுத்துவார்கள்.'

அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன். அடுத்ததைப் பார்த்ததும் தூசுத் துணியைக் கீழே வைத்தேன்.

ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களிடம் அரசாங்கம் என்ன கேட்கிறது பாருங்கள் என்று வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் பொலிஸ் படிவப் பிரதியைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். பெயர்களை, இலக்கங்களை, முகவரியைக் கறுப்பால் அழித்திருந்தாள். காரணம் என்ற கட்டத்தை மட்டும் சிவப்பால் வட்டமிட்டு மொழிபெயர்த்திருந்தாள். 'இருபத்தைந்து வருடம் இந்த நகரத்தில் வாழ்ந்த ஒரு பெண் எழுதிய காரணம் இது.'

கழுகுக்காரர் அதற்கும் பதில் போட்டிருந்தார். 'எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் உன் அம்மாவின் கையெழுத்து மிக அழகு.'

பின்னேரம் அவள் வரும்வரை கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

"அம்மா, என்ர கொம்பியூட்டரைப் பார்த்தனீங்களோ?"

"ஓம், பார்த்தனான்."

"அதுவும் கண்காணிப்புத்தான்."

"வாயை மூடு. நான் உன்ர தாய். கவுண்மென்ட் இல்லை."

"கவுண்மென்டும் எங்கட நன்மைக்கெண்டுதான் சொல்லுது."

எனக்கு அடிக்கக் கை எழும்பியது. அடிக்கவில்லை.

"பேரை மறைச்சனான், நம்பரை மறைச்சனான், ஒழுங்கையையும் மறைச்சனான். அதில என்ன தெரியுது, சொல்லுங்கோ பாப்பம்."

"என்ர எழுத்து தெரியுது."

அவள் விளங்காமல் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்த எழுத்தைக் கொப்பி உறையிலும் கடைச் சீட்டிலும் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு அது வீட்டுச் சுவர் மாதிரி. மறைக்க வேண்டிய ஒன்று என்று தோன்றியே இருக்காது.

"எட்டு வீட்டுப் படிவம் பொலிஸில இதே எழுத்தில கிடக்கு. ஆரும் இந்தப் படத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில வைச்சால் முடிஞ்சுது. பேர் தேவையே இல்லை. உன்னைத் தேடி வரேக்க நான் என்ன செய்யிறது?"

அவளுடைய முகம் வெளுத்துவிட்டது. கெட்டிக்காரிதான், ஆனால் பத்தொன்பது வயது.

மருதானையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வேலைசெய்யும் என் கணவர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். "முந்தி சுவரில எழுதுறவன் எழுதிப்போட்டு ஓடிருவான். இவள் தாயையும் சுவரில ஒட்டிப்போட்டு வந்திருக்கிறாள்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு என்னிடம் மெல்ல, "அதை எடுக்கச் சொல்லும்" என்றார்.

மகள் தளத்துக்கு எழுதி எடுக்கச் சொன்னாள். தளத்தை நடத்துகிறவர்கள் மூன்று நாளில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் யாரோ அந்தப் படத்தை வேறொரு இடத்தில் போட்டிருந்ததை அவளே தேடிக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னாள். அதற்காக இன்றைக்கும் அவள்மேல் எனக்கு மதிப்பு.

அதைச் சொன்னதற்கு அடுத்த நாள் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவளிடம் கேட்டேன்.

"என்ர கை நடுங்கினதை ஏன் எழுதினனீ?"

"நடுங்கினதுதானே."

"அது எனக்கும் உனக்கும் இடையில."

"அப்ப நீங்கள் ஏனம்மா என்னைக் காரணமாப் போட்டனீங்கள்? நான் பிறக்க ஆறு வருசத்துக்கு முந்தியே நீங்கள் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில இருந்தனீங்கள். அப்ப என்ன காரணத்துக்கு இருந்தனீங்கள்?"

மீனைக் கழுவினேன். பதில் இருந்தது. அந்தக் கட்டத்தில் எழுதக்கூடிய பதிலாக இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எப்படிப் போனதென்று எழுத இப்போதும் எனக்கு வரவில்லை. ஒழுங்கைக்குள் ஒரு வாகனம் வந்து நின்றால் அது திரும்பிப் போகும்வரை ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அலுவலகத்தில் தொலைபேசி அடித்தால் மகளின் வகுப்பு முடியும் நேரத்தைப் பார்ப்பேன். வேலை இல்லாத நேரமெல்லாம் அவள் எங்கே போனாலும் நானும் போனேன். ஒருநாள் நிறுவன வாசலில் நின்ற என்னைப் பார்த்து அவளுடைய சிநேகிதிகள், "இந்தா, உன்ர செக்பொயின்ற் வந்திட்டுது" என்றார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்கள்.

பிறகு புதுப் படிவம் வந்தது.

வழக்கம்போல மேசை நிறைந்தது. நான் ஒரு பழைய கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வேறு மாதிரி எழுதப் பழகினேன். எழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். வட்டங்களை ஒடுக்கினேன். சுழிகளை வெட்டினேன். ஒரு பக்கம், இரண்டு பக்கம். மூன்றாவது பக்கத்தில் ஓரளவு வந்துவிட்டது. யாரோ அவசரக்காரன் எழுதியது மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. மகள்மேல் இல்லை, கழுகுக்காரர்மேலும் இல்லை. நாற்பத்தேழு வயதில், சொந்த மேசையில் இருந்து, களவு எடுத்தவள் மாதிரி என் கையெழுத்தை ஒளிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒளிக்க இருந்தது அது ஒன்றுதான். அதையும் இந்தப் படிவத்தை அனுப்புகிறவர்கள்தான் உண்டாக்கித் தந்தார்கள்.

கொப்பியைக் கிழித்தேன். என் வீட்டுப் படிவத்தை எடுத்து, என்னுடைய வட்ட எழுத்திலேயே எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில்: 'என் வீடு இங்கே இருக்கிறது.'

மற்ற வீடுகளுக்கு என் விருப்பத்துக்கு எழுத எனக்கு உரிமையில்லை. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். மூன்றாம் மாடி அக்கா கதவைப் பாதி திறந்துகொண்டு, "பிள்ளை, எங்களுக்கு வழமையானதைப் போடுங்கோ. விசா வாற நேரத்தில வீரம் வேண்டாம்" என்றார். மற்றவர்களும் அப்படித்தான். சரி என்று ஏழு வீட்டுக்கும் வழமையானதையே போட்டேன்.

ஞாயிறு காலை படிவங்களைச் சேர்க்க வந்தவர் எங்களுக்கு முன்பே தெரிந்த பொலிஸ்காரர். நடுத்தர வயது. மாடிப் படியில் ஏறி வந்த களைப்பில் கதவடியில் நின்றே புரட்டினார். என்னுடையதில் விரல் நின்றது.

"மே மொக்கத, மிஸ்?" என்றார். இது என்ன என்று.

"பதிஞ்சிய, மஹத்தயா." இது என் வசிப்பிடம், ஐயா என்றேன். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அது காரணமில்லை, வேலை, படிப்பு என்று ஏதாவது இருக்கவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"மஹத்தயாவின் வீடு எங்கே?" என்று நானும் சிங்களத்தில் கேட்டேன்.

"களனி."

"களனியில் என்ன காரணத்துக்காக இருக்கிறீர்கள்?"

என் கணவர் உள்ளே இருமினார். போதும் என்ற இருமல்.

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார் போலிருந்தது. "எங்கள் வீட்டுக்கு இந்தப் படிவம் வருவதில்லையே, மிஸ்" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஸ்டேஷனில் இப்படி ஏற்கமாட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு, என் வரியை வெட்டாமல், அதற்குக் கீழே தன் பேனையால் 'தொழில்' என்று எழுதினார். எங்கள் பிரதியிலும் எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்துவிட்டு மேல்மாடிக்கு ஏறினார்.

கதவைச் சாத்திவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். கணவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "களனியில என்ன காரணமெண்டோ கேட்டனீர்? அந்தாள் நல்ல மனுசன். வேற ஆளெண்டால் இப்ப நானெல்லோ ஸ்டேஷனில நிண்டிருப்பன்" என்றார். அவர் சொன்னது சரி. அது இன்றைக்கும் என்னைக் குலைக்கிறது. வேறு ஆளாக இருந்திருக்கலாம்.

மகள் பிரதியை வாங்கிப் பார்த்தாள். இரண்டு எழுத்தும் ஒன்றுக்குக் கீழ் ஒன்று.

"இதை நான் போடட்டோ, அம்மா?"

இந்தமுறை கேட்டாள்.

"வேண்டாம். படம் வேண்டாம். அந்தக் கழுகோட நான் கதைக்கிறன். தள்ளு."

வாசிக்க யாரும் வாசிக்கலாம், எழுதுவதென்றால் சேர வேண்டும் என்றாள். சேர்வதற்கு அங்கேயும் ஒரு படிவம் இருந்தது. பெயர். என்ன பெயரும் போடலாமாம். மின்னஞ்சல். நாடு. கடைசியில் ஒரு பெட்டி: நீங்கள் இங்கே சேர விரும்பும் காரணம்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அதை விட்டிட்டு அமத்திப் பாருங்கோ" என்றாள்.

வெறுமையாக விட்டு அமத்தினேன். உள்ளே விட்டது.

நான் அலுவலகத்தில் கப்பல் பத்திரங்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து பழகியவள். விரல் தானாக ஓடியது. நான்தான் அந்த அம்மா என்று தொடங்கினேன். என் கை நடுங்கியது உண்மை என்று எழுதினேன். இன்று காலை முழங்காலும் நடுங்கியது, ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன் என்று எழுதினேன். உங்கள் பணத்தில் பெயரை எழுதுவதற்கு முன், அந்தப் பெயரை வாசிக்கப்போகிறவன் யார் என்று எனக்குச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

பக்கத்தில் நின்ற மகள் என் தோளைத் தட்டினாள்.

"அம்மா, எல்லாம் கப்பிட்டல் எழுத்தில அடிக்கிறீங்கள். இஞ்ச அப்பிடி அடிச்சால் கத்துற மாதிரி."

"தெரியுமடி" என்றேன். தெரியாது. ஆனால் மாற்றவும் இல்லை. அடித்து முடித்து, அப்படியே அனுப்பினேன்.