மன்னிக்கிற கட்டை

பத்திரிகையில் என்னோடு வேலை பார்த்த மூன்று பேரும் நானும் வருடத்துக்கு ஒருமுறை சென்னையில் கோல்ஃப் ஆடுகிறோம். போன வருடம் முதல் பந்தையே மரங்களுக்குள் அடித்துத் தொலைத்தேன். அதற்கு முந்தைய வருடமும் அப்படித்தான். இந்த முறையும் தொலைந்தால் ஆட வேண்டாம், கூட நடந்து வந்து ஸ்கோர் எழுதினால் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் சொன்னதைச் செய்கிற ஆட்கள்.

பழைய கோல்ஃப் சாமான் விற்கும் ஒருவர் இரண்டு மட்டைகளை ஒரு வாரம் அடித்துப் பார்க்கக் கொடுத்தார். ஒன்று டிரைவர்: நீளத் தண்டு, தேங்காய் மூடி அளவுக்குத் தலை. மற்றது ஃபேர்வே வுட்: தண்டு குட்டை, தலை சிறியது, முகம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தது. வுட் என்பது பெயரில்தான், முழுக்க உலோகம். கடைக்காரர் அதைக் கட்டை என்றார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. “ரெண்டுமே மன்னிக்கிற மட்டை சார்,” என்றார். நடுவில் படாவிட்டாலும் பந்து ஓரளவு நேராகப் போகும் என்று அர்த்தம்.

கச்சிராயபாளையத்தில் என் மனைவியின் தம்பிக்குக் கரும்புக் கழனி இருக்கிறது. வெட்டு முடிந்து வெட்டவெளியாகக் கிடந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து போன் செய்தேன்.

“நாளைக்குக் காலையில கட்டை எடுத்துக்கினு வரேன் மாப்ள.”

“ரொம்ப சந்தோஷம் மாமா,” என்றான். இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

வெட்டிய கரும்பின் அடித்தூருக்கும் கட்டை என்றுதான் பெயர். அதைத் தரையோடு சீவினால்தான் மறுபடி சீராகத் துளிர்க்கும். டிராக்டரில் பூட்டிச் சீவுகிற மிஷினுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லியிருந்தான். நான் மறந்தே போயிருந்தேன். அவனோ, அந்த மிஷினோடுதான் வருகிறேன் என்று எடுத்துக்கொண்டான்.

காலையில் என் ஸ்கூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். டிராக்டர் வருவதற்கு வழிசெய்து, சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையை, வாரி ஒதுக்கிவிட்டு, வேலைக்கு வந்த பெண் வரப்பில் நின்றிருந்தார்.

“டிராக்டர் பின்னால வருதா மாமா?”

பையைத் திறந்து காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இத்த வெச்சிக்கினு சீவுனா தீவாளி வந்துடும்.”

“இன்னா சார் இது, பாம்பு அடிக்கிறதா?” என்றார் அந்தப் பெண்.

விளக்கினேன். தப்பாக அடித்தாலும் மன்னித்துவிடும் என்றேன்.

“எங்க மாமியாருக்கு இந்தத் தலைய மாட்டிவுட முடியுமா சார்?”

ஒதுக்கிய இடத்தில் நின்று, கல்வராயன் மலையில் ஒரு பள்ளத்தைக் குறி வைத்து, ஒவ்வொன்றாலும் ஐந்து பந்து அடித்தேன். விழுந்த இடத்திலெல்லாம் அந்தப் பெண் ஒரு சோகையை நட்டு வைத்தார். டிரைவரில் ஒன்று மோட்டார் கொட்டகையைத் தாண்டிப் போனது. ஒன்று வாய்க்காலில் விழுந்தது, ஒன்று காலடியிலேயே உருண்டது, இரண்டு பக்கத்துக் கழனியில் நிற்கும் கரும்புக்குள் போயின. கட்டையில் எதுவும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் நான்கு சோகை ஒரு களத்து அளவு இடத்துக்குள் நின்றன.

அப்படியும் கொட்டகையைத் தாண்டியதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அது ஒண்ணத்தான் பாத்துக்கினு கீறீங்க. மத்த நாலு எங்கன்னு கேக்கவே இல்லியே,” என்றார். “கரும்புக்குள்ள போனது வெட்டு அன்னிக்குத்தான் கிடைக்கும்.”

ஒரு பெரிய விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விசாரிக்காமல் வரும் நிருபர்களை இதற்காகவே நான் திட்டியிருக்கிறேன். டிரைவரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மூன்று பேரும் டிரைவரோடு நின்றார்கள். “உங்களது எங்கே?” என்று கேட்டார்கள். கட்டையை எடுத்து அடித்தேன். பந்து அதிக உயரமும் இல்லாமல், அதிக தூரமும் இல்லாமல், புல்லின் நடுவில் போய் நின்றது. அடுத்து அடித்தவர் தன் பந்தைத் தேடி மரங்களுக்குள் போனார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மச்சான்.

“கட்டை இன்னா ஆச்சு மாமா?”

“நேரா போச்சு மாப்ள.”

“நான் என் கட்டையக் கேட்டேன்,” என்றான்.