ஆண்டைக்குத் தைத்த தோல் சட்டை

என் வேலையில் யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் புத்தியால்தான் என் மைத்துனனுக்கு வலது கை விளங்காமல் போயிற்று.

பாகூர்ப் பக்கத்துச் சேரியில் நாங்கள் தோல் வேலைக் குடும்பம். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற சாலுக்குத் தோல், செருப்பு, மாட்டுக்கு வார் எல்லாம் எங்கள் கையால்தான் ஆகவேண்டும். நாங்கள் தைத்த தோலில் ஏறிவரும் தண்ணீர் ஊர்க்காரர் வயலுக்கு ஆகும். நாங்கள் தொட்ட குடத்துத் தண்ணீர் அவர்களுக்கு ஆகாது. பிரெஞ்சுக்காரன் சட்டப்படி எங்களுக்கும் ஓட்டு உண்டு. பட்டியலில் பேர் இருக்கும், போடுவது மட்டும் ஆண்டையின் ஆட்கள். என் அப்பா செத்தபிறகும் இரண்டு தேர்தலில் ஓட்டுப் போட்டார். உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூடப் போட்டதில்லை.

அந்த வருஷம் என் மனைவியின் தம்பி புதுச்சேரி ஆலையில் சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டுச் சேரிக்குத் திரும்பியிருந்தான். நம் ஓட்டை நாமே போடுவோம் என்று இருபது பேரைச் சேர்த்தான். சேதி ஆண்டையின் காதுக்குப் போயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தடியடி தாங்குற மாதிரி நெஞ்சுக்கு ஒரு சட்டை தெப்பியாடா? அஞ்சு வோணும்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் களத்தில் ஐந்து தடியர்கள் ஏற்கெனவே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்து வந்தவர்கள். அடித்துவிட்டு நாலு வரப்பைத் தாண்டிவிட்டால் எங்கள் போலீஸ் அவர்களைத் தொடமுடியாது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் குடிசை அவர் மனையில் இருந்தது. இந்தச் சமாதானத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆவாரம்பட்டையில் பதம் செய்த எருமைத்தோலைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்தேன். சுடுதண்ணீரில் முக்கினால் தோல் இறுகும் என்பது தெரியும், எவ்வளவு நேரம் என்பது தெரியாது. முதல் துண்டைக் கொதிக்கிற அண்டாவில் போட்டேன். சுருட்டிக்கொண்டு பாதியாயிற்று, காய்ந்ததும் அப்பளம்போல நொறுங்கியது. அடுத்ததற்கு அடுப்பைத் தணித்தேன். விரலை விட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் சூடு போதும், கொதி கூடாது. இருபது எண்ணுவதற்குள் வெளியே எடுத்து, கவிழ்த்த பானைமேல் போட்டு, வாரால் இறுக்கிக் கட்டி நிழலில் காயவிட்டேன். எப்படியும் சுருங்கும் என்பதால் நாலு விரற்கடை கூடவே விட்டு வெட்டினேன். கடைசியில் தேன்மெழுகை உருக்கித் தேய்த்தேன். தட்டினால் பலகையைத் தட்டியதுபோலச் சத்தம் வந்தது. அதைக் கேட்பதற்காகவே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தட்டினேன், வெட்கங்கெட்டவன்.

முதல் சட்டையை நானே மாட்டிக்கொண்டு மனைவியின் கையில் உலக்கையைக் கொடுத்து அடிக்கச் சொன்னேன்.

"எத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன், நீயே கேட்டுட்ட" என்று சிரித்தபடி நெஞ்சில் ஒன்று போட்டாள். கொஞ்சம் தள்ளாடினேன், வலிக்கவில்லை. முதுகிலும் போட்டாள். பிறகு, அடிக்கப்போகிறவன் மாதிரி வலது கையை ஓங்கச் சொன்னாள். உலக்கை நுனியால் அக்குளுக்குக் கீழே ஒரு குத்து. உயிர் போய் வந்தது.

"இங்க தொறந்து கெடக்குதே. இன்னாய்யா வேல இது?"

இடது பக்கம் ஒரே தோலாக மடிந்தது, வலது பக்கம் வார் போட்டுக் கட்டுவது. அங்கேயும் தோல் வைத்தால் மாட்டிக்கொண்டவனால் கையைத் தூக்கவே முடியாது. வைக்காவிட்டால், கையை ஓங்கும்போது ஒரு சாண் திறந்துகொள்ளும். அதற்கு வழியே இல்லை.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "தம்பிகிட்ட சொல்லிடு. அவங்க கை ஓங்கசொல்ல அங்க குத்தணும்னு."

"நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. ஆண்டைக்குத் தெரிஞ்சா வூடு இருக்காது."

அவள் என்னை நம்பி விட்டுவிட்டாள். நானும் ஐந்து சட்டைகளையும் முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தேர்தலுக்கு முந்தைய நாள் மத்தியானம் மைத்துனன் மூன்று கூட்டாளிகளோடு வந்தான். மனைவி நடவுக்குப் போயிருந்தாள்.

"இன்னா மாமா, நம்பள அடிக்க வர்றவனுக்கு நீயே சட்டை தெச்சிக் குடுத்துக்கிறியாமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டாளிகளில் ஒருவன் சிரித்தான். "செருப்புத் தோலுதானடா. ரெண்டு அடியில பொளந்துக்கும்."

மைத்துனனும் சிரித்துவிட்டான். "எங்க அடிச்சா கிழியும்? நீயே சொல்லு மாமா."

பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தச் செருப்புத்தோல் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"எங்கயும் எறங்காதுடா. ஒன் தடிதான் ஒடியும்" என்றேன்.

அவர்கள் போய்விட்டார்கள். பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டிருக்கலாம். சாயங்காலம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் ஆண்டை வீட்டிலிருந்து ஆள் வந்து என்னைக் கூட்டிப்போனான். தடியர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் குத்திப் பார்த்து என் வேலையை மெச்சினார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மேரிக்குப் போகும் பாதையில் ஐந்து பேரும் குறுக்கே நின்றார்கள். கம்யூன் அலுவலகத்தை நாங்கள் மேரி என்போம், ஓட்டுப்பெட்டி அங்கேதான். மைத்துனன் முன்னால் போனான், நான் கூட்டத்தின் கடைசியில் இருந்தேன். அவன் தடி எதிராளியின் சட்டைமேல் மூன்று தடவை விழுந்தது. மூன்றாவது அடியில் ஒடிந்தது. எதிராளி கையை ஓங்கினான். திறந்த இடம் என் கண்ணுக்குத் தெரிந்தது. கத்தியிருக்கலாம், கத்தவில்லை. மைத்துனனின் இரண்டு கைகளையும் உடைத்தார்கள். மற்றவர்கள் சிதறி ஓடினோம். எங்கள் ஓட்டுகளையெல்லாம் வழக்கம்போல வேறு யாரோ போட்டார்கள்.

அவனை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். மனைவி என்னை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"தொறந்து கெடக்குற எடத்த அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சண்டையில மறந்துட்டான் போலக்குது."

பாவி நான். அவள் அதை நம்பித் தம்பியைத்தான் திட்டினாள்.

ஒரு மாதத்தில் இடது கை கூடிக்கொண்டு வந்தது, வலது கை கூடவில்லை. ஒரு நாள் அவள் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது கூட்டாளி ஒருவன் பார்க்க வந்தான். சட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. மைத்துனன் கொஞ்சமும் மனக்கசப்பில்லாமல் பெருமையாகச் சொன்னான்.

"ஓட்டுக்கு மொத நாளே எங்க அடிச்சா கிழியும்னு மாமாவக் கேட்டேனே. எங்கயும் எறங்காதுன்னாரு. நாந்தான் நம்பல. எங்க மாமா வேலைன்னா சும்மாவாடா?"

அவள் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அடுத்த வாய்ச் சோற்றை உருட்டி அவனுக்கு ஊட்டினாள்.

சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சாகும்வரை என்னோடுதான் இருந்தாள். ஆக்கிப் போட்டாள், காய்ச்சல் வந்தால் கால் பிடித்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் ஒரு கேள்வியும் அவள் கேட்கவில்லை. எங்கே போனாய், எப்போது வருவாய், குழம்பில் உப்பு போதுமா என்றுகூட.