பென்னலூரில் லாரி அடுக்கிய கோதண்டராமன்

பென்னலூர் கோதண்டராமனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் ஒரு இடத்தைப் பார்த்தால் எத்தனை வண்டி நிற்கும் என்று கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவார். ஸ்ரீபெரும்புதூர்த் தேருக்கு வருகிற மாட்டு வண்டிகளை வருஷாவருஷம் தோப்பில் நிறுத்தி வைப்பது அவர் வேலை. நடுவில் ஒரு ஆடு புகமுடியாது, அப்படி நெருக்கி அடுக்குவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தொண்ணூற்றொன்றில் அவருக்கு வேறு மாதிரி வண்டிகள் வந்து வாய்த்தன. பக்கத்துக் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரிகள், கேட்டிலிருந்து கூப்பிடும்வரை நிற்க இடமில்லாமல் ரோட்டோரத்தில் வரிசை கட்டின. பஸ் ஸ்டாப் அந்த வரிசைக்குப் பின்னால் மறைந்துபோனது. பஸ்காரன் நிறுத்தாமலே போனான். கோதண்டராமனின் மனைவி சுந்தராம்பாள் கீரைக்கூடையைச் சுமந்துகொண்டு அடுத்த ஸ்டாப்வரை நடந்ததில் முட்டி வீங்கிவிட்டது.

"ஊரு வண்டியெல்லாம் அடுக்கற ஆளு, ஸ்டாப்ப மறைக்கிற லாரிய நவுத்த முடியல. இதுல முறுக்கு மீச வேற" என்றாள்.

சுருக்கென்று தைத்தது. நேரே பஞ்சாயத்துத் தலைவரிடம் போய், லாரிகளை நிறுத்த ரோட்டோரம் மாடு மேயும் மந்தைவெளியைக் கேட்டார்.

"ஒரு நாள் நிறுத்திப் பாரு. மறுநாளும் லாரிங்க தானா உள்ள வந்தா எடம் உன் பொறுப்பு. வரலன்னா நீயும் கேக்காத, நானும் குடுக்கல" என்றார் தலைவர்.

மறுநாள் காலையிலேயே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ரோட்டில் நின்றார். முதலில் வந்தவர் நாமக்கல் டிரைவர் செங்கோடன். கோதண்டராமன் அந்த லாரியைக் கடைசிவரை உள்ளே விட்டு, மூக்கு வரப்பில் இடிக்கிற மாதிரி நிறுத்த வைத்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் கோதண்டராமனின் சொந்த வேர்க்கடலைக் கொல்லை. பிறகு வந்ததையெல்லாம் பக்கத்திலும் பின்னாலும் மூட்டை அடுக்குவதுபோல் அடுக்கினார். மொத்தம் இருபத்திரண்டு லாரி. ரோடு துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. சுந்தராம்பாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அதையே பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மூணு மணிக்குக் கம்பெனி வாட்ச்மேன் சைக்கிளில் வந்தான். "மொத நம்பர், நாமக்கல் வண்டி! அர மணில வரலன்னா நாளைக்குத்தான்."

செங்கோடன் முன்னால் பார்த்தார், வரப்பு. மற்ற மூன்று பக்கமும் லாரி.

"ஏனுங்கண்ணா, என்ற வண்டி எப்படிங்க வெளிய போகும்?"

கோதண்டராமன் பழக்கதோஷத்தில் கையைத் தட்டினார். "நாலு ஆளு வாங்கப்பா! பின்னால புடிச்சித் தூக்கித் திருப்பிடலாம்!"

மாட்டை அவிழ்த்த வண்டியை அப்படித்தான் வெளியே எடுப்பது.

"உள்ள பத்து டன் இரும்பு கெடக்குதுங்க. நாலு ஆளு பத்துமுங்களா?" என்றார் செங்கோடன். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பின்னால் உள்ளதை நகர்த்தலாம் என்றால், பாதி டிரைவர்கள் சாவியை மடியில் முடிந்துகொண்டு கோயிலுக்கும் குளத்துக்கும் போயிருந்தார்கள்.

"போதுமுங்க. நாளைக்கு நாங்க ரோட்லயே நின்னுக்கறோம்" என்றார் செங்கோடன்.

கோதண்டராமனின் மீசை தொங்கிப்போனது. வரப்பைப் பார்த்தார். கொல்லையைத் தாண்டினால் கம்பெனிக்குப் போகிற மண்பாதை. கடலை பிடுங்க இன்னும் பத்தே நாள். திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"என்னிய இன்னா பாக்கற? மம்முட்டி அங்க கீது" என்றாள் சுந்தராம்பாள்.

வரப்பை வெட்டிச் சரித்தார். செங்கோடன் லாரி கடலைச் செடிமேல் ஏறி நேராக மண்பாதையைப் பிடித்தது. பின்னாலிருந்தவையும் முறை வரவர அதே வழியில் போயின. வந்த வரிசை கலையவில்லை, ஒரு லாரியைக்கூடப் பின்னால் எடுக்கவில்லை.

அடுத்த நாள் ஏழு மணிவரை ஒரு லாரியும் மந்தைவெளிப் பக்கம் திரும்பவில்லை. கோதண்டராமன் அவசரமே இல்லாதவர்போல் காது குடைந்துகொண்டிருந்தார். பிறகு ரோட்டோர டீக்கடையிலிருந்து செங்கோடன் குரல் கேட்டது: "அங்க போங்கப்பா! முன்னால பூந்து பின்னால போற எடமுங்க!"

ஒன்பது மணிக்குள் மந்தைவெளி நிறைந்துவிட்டது. ரோட்டில் ஸ்டாப் பளிச்சென்று தெரிய, பஸ் நின்றது. அவர் ஓடிப்போய்ச் சுந்தராம்பாளைத் தேடினார். அவள் வெட்டிய வரப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, நசுங்காமல் தப்பிய கடலையை அவித்து டிரைவர்களுக்குப் படி போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

"பஸ்ஸு நிக்குதுடி! ஏறல?"

"எனுக்கு இங்க யாவாரம் கீது. கீரக்கூட இதோ கீது, நீ போய்ட்டு வா."

கண்டக்டர் விசில் ஊதினார். இன்றைக்கு நிறுத்தியும் யாரும் ஏறாமல் போனால், பஸ்காரன் நாளைக்கு நிறுத்துவானா? கோதண்டராமன் கீரைக்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினார்.