நாற்பது நாளில், நாற்பது நாள் கழித்து

புதுச்சேரியில் பிறந்து, கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள் நான். கல்யாணமாகி ஆம்பூர் வந்தபின் அந்தப் படிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. என் கணவர் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் தோல்களைத் தரம் பிரிப்பவர். அங்கே பிரெஞ்சு வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதியவர் தலைமைக் குமாஸ்தா. ஆங்கிலத்தில் யோசித்து, அகராதியைப் புரட்டி எழுதுவார்.

ஒருமுறை முதலாளி சாயபு, எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று கேள்விப்பட்டு, நான் பார்க்கட்டும் என்று குமாஸ்தா எழுதிய ஒரு பதில் கடிதத்தை என் கணவரிடம் கொடுத்தனுப்பினார். தோல் பதனிட எத்தனை நாள் பிடிக்கும் என்று பிரெஞ்சு வியாபாரி கேட்டிருந்தார். பதில், நாற்பது நாள். குமாஸ்தா அதற்கு 'தாங்' என்ற சொல்லைப் போட்டிருந்தார். வரவேண்டியது 'ஆங்'. அடித்துத் திருத்தி அனுப்பினேன்.

மறுநாள் குமாஸ்தா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'இன்'னு ஒரே வார்த்தைதான்."

"நான் இங்கிலீஷ் வழியா போகலைங்க. நாப்பது நாள்ல முடிப்போம்னா, வேலைக்குப் பிடிக்கிற நாள். அதுக்கு ஆங். நாப்பது நாள் கழிச்சுன்னா, இன்னிலேர்ந்து எண்ணணும். அதுக்குத்தான் தாங். தமிழ்லயும் ரெண்டும் வேற வேறதானே?"

"பொம்பள திருத்தி நான் எழுதணுமா?" என்று சொல்லிவிட்டுப் போனவர், பழையபடியே எழுதித் தபாலில் சேர்த்தார்.

"எதுக்கு வீண் பேஜார்? தெனம் அவர் முகத்துல முழிக்கிறவன் நான்" என்றார் என் கணவர்.

"தப்பைத் தப்புன்னு சொன்னதுக்கு நான் வருத்தப்பட மாட்டேன்" என்றேன். அவர் கோபத்தோடு வேலைக்குக் கிளம்பினார்.

பல வாரம் கழித்துக் கப்பலில் பதில் வந்தது. இன்னும் நாற்பது நாள் போனபிறகுதான் பதனிடுவீர்களா, அதுவரை என்ன செய்வீர்கள் என்று வியாபாரி கேட்டிருந்தார். சாயபு என்னை வரச்சொன்னார். தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் நெடி அடிக்கும் அந்த ஆபீசுக்குள் அன்றுதான் முதலில் கால் வைத்தேன்.

"நீயே பதில் எழுதும்மா. குமாஸ்தா கையெழுத்து போடட்டும்."

"எழுதுறது நான்னா, கையெழுத்தும் என்னுதுதான்."

குமாஸ்தா சிரித்தார். "பொம்பள கையெழுத்தைப் பார்த்தா அவங்க இன்னா நினைப்பாங்க?"

"உங்க கடுதாசியைப் பார்த்து நினைச்சதைவிட ஜாஸ்தியா நினைக்க மாட்டாங்க."

சாயபு பேனாவை என் பக்கம் நகர்த்தினார். உட்காரச் சொல்வார்களா என்று பார்த்தேன். நாற்காலியை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

வியாபாரியின் அடுத்த கடிதம் 'மாதாம்', அதாவது அம்மணி, என்று என்னை விளித்தே வந்தது. குமாஸ்தா அதன்பின் என்னோடு பேசவேயில்லை. நானும் சமாதானத்துக்குப் போகவில்லை. என் கணவரோ, ஓரெழுத்தும் படிக்கத் தெரியாமல், அந்தக் காகிதத்தைத் தோல் பிரிக்கிற இடத்தில் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாராம்.